பிழியாமல் வடிக்கும் காபி

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் காபிக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஐஸ் காபி, ஐஸ் லாட்டே, ஃப்ராப்பே, ஊறல் காபி என்று நாலு பெயர் எழுதியிருக்கிறதே, எல்லாமே குளிர்ந்த காபிதானே, என்ன வித்தியாசம்?

மாஸ்டரிடம் கேட்டால், "விலைதான்" என்பார். மிஷினிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அவர் மனைவியிடம் கேட்டால் நின்று கேட்க நேரம் வேண்டும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

"ஐஸ் காபின்னா சூடா போட்ட காபியை ஐஸ் மேல ஊத்துறது" என்று ஆரம்பிப்பாள். "வாங்கினா சட்டுனு குடிச்சிடணும். பேசிட்டே நின்னீங்கன்னா ஐஸ் கரைஞ்சு, கிளாஸ் கழுவின தண்ணி மாதிரி ஆயிடும். லாட்டேல பால்தான் பெரிய மனுஷன். காபி அதுக்குப் பின்னாடி கையைக் கட்டிட்டு நிக்கும். ஃப்ராப்பேங்கிறது ஐஸ், பால், காபி எல்லாத்தையும் மிக்ஸில போட்டு அடிக்கிறது. ஸ்பூனை நட்டா நிக்கும். ஆனா அது கண்ணுக்குத்தான் கெட்டி. வாய்க்குள்ள போச்சுன்னா தண்ணி. ஊறல் அப்படியே தலைகீழ். கிளாஸ்ல பார்த்தா தண்ணி மாதிரி இருக்கும், வாயில உக்காந்து பேசும்."

"என்ன பேசும்?" என்று யாராவது வாயைக் கொடுத்தால், "அது உங்க வாயைப் பொறுத்தது" என்பாள்.

ஊறல் என்பது அவள் வைத்த பெயர். காபிக் கொட்டையைக் கொரகொரவென்று அரைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடி, குளிர்பெட்டியில் இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் வெள்ளைத் துணியில் வடிகட்டுவது. நெருப்பு அதன் பக்கமே போகாது. பெரிய கடைகளில் இதையே கோல்ட் ப்ரூ என்கிறார்கள். தினமும் காலை வண்டி எடுப்பதற்கு முன் வந்து நிற்கும் கண்டக்டர், ஊறல் என்ற பெயரைப் பலகையில் பார்த்த நாளில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊறல் போடுறோம்னு பலகையிலயே எழுதிட்டீங்களே அக்கா. போலீஸ் பார்த்தா சாராய ஊறல்னு மாஸ்டரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். அங்கயாவது சத்தம் போடாம உக்காந்திருப்பாரு."

மாஸ்டர் சத்தத்தில் வாழ்ந்தவர். இளவயதில் ஒரு பெரிய ஹோட்டலில் காபி மிஷினோடு நின்றவர். ஆவி சீறும் சத்தம், அரைவை மிஷினின் உறுமல், மிக்ஸி ஐஸை நொறுக்கும் சத்தம், இவை மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்குக் கடை திறந்ததாகக் கணக்கு. ஃப்ராப்பே அவருடைய பெருமை. ஐஸ் எவ்வளவு, பால் எவ்வளவு, எந்த நொடியில் மிக்ஸியை நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அவர் காதுக்குத் தெரியும். மனைவி செய்வதை அவர் வேலையாகவே மதித்ததில்லை.

"தண்ணில போட்டுட்டுப் போய்த் தூங்குறதுக்குப் பேரு வேலையா?"

"தூங்குற நேரத்துலயும் வேலை நடக்குதே, அது போதாதா?"

அவள் குளிர்ந்த காபிக்கு வந்த கதை வேறு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஒரு தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைத்தாள். இடைவேளையில் காபி வரும். கையிலிருக்கும் காலர்க் கட்டை முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று மிஷின் ஓரத்தில் வைப்பாள். முடிக்கும்போது அது ஆறிப்போயிருக்கும். வீட்டிலும் அப்படித்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மகளைக் கிளப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் தனக்கென்று எடுக்கும்போது மேலே ஏடு படிந்திருக்கும். ஆறின காபியில் ஒரு புளிப்பு இருக்கும், நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகாது. ஆறிப்போனதற்கும் குளிர்ச்சியாகவே பிறந்ததற்கும் வித்தியாசம் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் அப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

சேமிப்பைப் போட்டு இருவரும் கடை திறந்த பிறகு ஒருநாள் மாஸ்டர் அரைவை மிஷினைக் கழுவிப் பூட்டும்போது அதன் அரைக்கும் பல்லைத் தளர்வாக வைத்துவிட்டார். ஒரு டப்பா கொட்டை ரவை மாதிரி அரைபட்டு விழுந்தது. மிஷினுக்கு ஆகாது, குப்பையில் போடு என்றார். அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் கொட்டி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தாள். மறுநாள் அதை ஒரு பழைய துணியில் வடித்து ஒரு வாய் குடித்தவள், கல்லாவுக்குப் பின்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"புளிக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு அதைச் சரிசெய்ய அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தூள் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், தண்ணீர் எத்தனை பங்கு, எவ்வளவு நேரத்துக்குமேல் வைத்தால் கட்டை வாசம் வரும், எந்தத் துணி. யாரும் சொல்லித் தரவில்லை. செய்தாள், குடித்தாள், கொட்டினாள், மறுபடி செய்தாள். கடைசியில் ஒரு விதி மிஞ்சியது. துணி மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டால் தானாக வடியவேண்டும். பிழியக் கூடாது.

மாஸ்டருக்கு அந்த மூட்டையைப் பார்த்தாலே கை அரிக்கும். உள்ளே இன்னும் அரைக் கிளாஸ் இருக்கும்போல் தெரியும். போகிற போக்கில் ஒரு பிழி பிழிவார். பட்டென்று அவர் கையில் ஓர் அடி விழும்.

"பிழியாதீங்கன்னா கேக்கமாட்டீங்களா? தானா வர்றதுதான் காபி. பிழிஞ்சா வர்றது கசடும் கசப்பும்."

"அரைக் கிளாஸ் வீணாப் போகுதே."

"அந்த அரைக் கிளாஸ் மொத்தப் பாத்திரத்தையும் கெடுத்துடும்."

அவர் பிழிந்த நாட்களில், பார்க்காமலேயே ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. அலுவலகக் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞன் பலகையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டான். அக்கா ஊறல் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஐஸ் காபின்னா சூடா போட்ட காபியை... சூடா... சூடா போட்ட..."

பேசிக்கொண்டே ஊற்றினாள். கிளாஸ் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கறுப்பாக ஓடி மேடை விளிம்பில் சொட்டியது.

"கண்ணை எங்க அடகு வெச்சிட்ட?" என்றார் மாஸ்டர்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முகத்தில் ஒரு பாதிதான் சிரித்தது. அப்போதுதான் மாஸ்டர் மிஷினை விட்டு ஓடிவந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் மெதுவாக வரலாம் என்றார்கள். பேச்சு பெரும்பாலும் போயிருந்தது. அதோடு விழுங்கவும் சரியாக வரவில்லை. அதைப் பார்க்கத் தனியாக ஒரு தெரபிஸ்ட் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். அக்காவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒவ்வொரு விழுங்கலையும் கவனித்தாள்.

"தண்ணி மாதிரி ஓடுறது எதுவும் இப்போதைக்கு வேண்டாம் சார். தொண்டை மூடுறதுக்கு முன்னாடியே அது நுரையீரல் பக்கம் போயிடும். தண்ணி, பால், காபி எதுவா இருந்தாலும் இந்தப் பவுடரைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, ஸ்பூன்ல குடுங்க. சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க."

"பதம்னா எனக்குச் சொல்லவே வேணாம்மா" என்றார் மாஸ்டர். "என் பிழைப்பே அதான்."

கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குடித்தனம். கட்டிலைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டார். படுத்தபடியே கடையும், வருகிறவர்களின் முதுகும், பலகையின் பின்பக்கமும் தெரியும். அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டு மகள் வந்து தங்கினாள். அக்காவிடம் மிஞ்சியிருந்த சொற்கள் மூன்று. வேணாம், போதும், ஊறல். முதல் இரண்டும் சாப்பாட்டுக்கு. மூன்றாவதைக் காலையில் கண் விழித்ததும் கேட்பாள்.

அவள் கையால் வடித்த கடைசிப் பாட்டில் குளிர்பெட்டியில் இருந்தது. மாஸ்டர் அதில் கொஞ்சம் ஊற்றி, பவுடரைக் கலந்து, தேன் பதம் வரும்வரை கலக்கி, தூக்கிப் பார்த்து, திருப்தியாகி, அவள் வாயில் வைத்தார். அவள் அதை நாக்கில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு முழுச் சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்.

"சளி."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் அக்கா பவுடர் கலந்த எதற்கும் வாயைத் திறக்கவில்லை. மசித்த சாதம் இரண்டு ஸ்பூன், வேணாம். கூழாக்கிய பழம் ஒரு ஸ்பூன், போதும். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. தெரபிஸ்ட் மாதம் ஒருமுறை வந்தாள். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டி வரும் என்று வாசலில் வைத்துத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டருக்கு அதற்குப்பின் வேறு யோசனை இல்லை. இவள் வாய் வழியாகச் சாப்பிடவேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மதியம், பள்ளி விட்டு வந்த ஒரு பெண் ஃப்ராப்பே கேட்டாள். அடித்து ஊற்றி ஸ்பூனைச் செருகினார். ஸ்பூன் அசையாமல் நின்றது. மாஸ்டர் அந்த ஸ்பூனையே பார்த்தார்.

அந்தப் பெண் போனதும் இன்னொன்று அடித்தார். வழக்கத்தைவிட ஐஸ் கூட்டி, ஒரு கரண்டி ஐஸ்கிரீமும் போட்டு, இன்னும் கெட்டியாக.

"அப்பா, இது குடுக்கலாமா?" என்றாள் மகள்.

"தேன் பதம்னு சொன்னாங்க. இது தேனைவிடக் கெட்டி. கவுத்தாக்கூட விழாது பாரு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம்ப்பா."

"காலம் பூரா பதம் பார்த்தவன், பதத்துக்குப் போன் போடணுமா?"

அக்கா கிளாஸைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டதாக மகளுக்குப் பின்னாளில் நினைவு வந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

பாதிக் கிளாஸ் சாப்பிட்டாள். இதழோரம் ஒட்டிய நுரையை மாஸ்டர் துடைத்துவிட்டபோது, "சில்லு" என்றாள்.

ஐந்தாவது சொல். மாஸ்டர் முன்கடைக்கு ஓடி, அங்கே நின்ற கண்டக்டரிடம் சொன்னார். "பேச்சு வருதுய்யா. சில்லுன்னு சொன்னா."

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் கல்யாண வீட்டு மேளம் மாதிரி கேட்டது. காலையும் மாலையும் ஃப்ராப்பே. சில நாள் பழத்தையும் சேர்த்து அடித்தார். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்ததாக அவருக்குத் தெரிந்தது. நடுவில் ஒன்றிரண்டு முறை லேசாகச் செருமினாள். ஒருமுறை கண்ணில் நீர் வர இருமினாள்.

"யாரோ நினைக்கிறாங்க" என்று தலையைத் தட்டிவிட்டார் மாஸ்டர். "வேற யாரு, உன் கண்டக்டர்தான். ஊறல் இல்லாம அவன் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் பாதி முகத்தால் சிரித்தாள்.

பிறகு ஒருநாள் உடம்பு சுட்டது. மாலைக்குள் மூச்சு இரைந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கிறது என்றார்கள். தெரபிஸ்ட் ஓடிவந்து, வெளி பெஞ்சில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். பதத்தைக் கையால் காட்டினார்.

அவள் திட்டவில்லை. "சார், ஐஸ்கிரீம், ஐஸ் போட்டு அடிச்சது இதெல்லாம் வெளிய கெட்டியாத்தான் இருக்கும். வாய்ச் சூட்டுல கரைஞ்சிடும். தொண்டைக்குப் போறப்போ வெறும் தண்ணிதான். இருமல் வந்தாத்தான் புரையேறுதுன்னும் இல்ல. இவங்களுக்குச் சத்தமில்லாமலே உள்ள போயிருக்கு. நான்தான் இதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

மாஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்குத்தான் கெட்டி" என்றார். "வாய்க்குள்ள போச்சுன்னா தண்ணி."

"ஆமா சார். அதேதான்."

"அவ சொல்றதும்மா அது. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவா. பக்கத்துல நின்னு தினமும் கேட்டுட்டு இருந்தேன்."

தெரபிஸ்ட் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? பின்ன ஏம்மா வாயைத் திறந்தா?"

தெரபிஸ்ட் அவர் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

குழாய் போட்டார்கள். வாய் வழியாக இனி எதுவும் கிடையாது. மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. சிலநாள் கழித்துப் பெரிய டாக்டர் மகளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மகள் திரும்பி வந்த நடையிலேயே மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கட்டிலருகே குனிந்தார்.

"ஏம்மா, அது தண்ணின்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"சில்லு" என்றாள். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கி, "ஊறல்" என்றாள்.

தெரபிஸ்ட் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். குச்சி முனையில் சின்னப் பஞ்சு இருக்கும், வாயைத் துடைக்க வைத்திருப்பது. அதை நனைத்து, நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, நாக்கில் தடவலாம். விழுங்க ஒன்றும் இருக்காது. ருசி மட்டும் தெரியும்.

அவள் வடித்தது தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. மாஸ்டர் கடைக்கு வந்து அரைவை மிஷினின் பல்லைத் தளர்த்தினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வேண்டுமென்றே ரவையாக அரைத்தார். பாத்திரம், தண்ணீர், மூடி, அடித்தட்டு. மறுநாள் காலை துணியில் கட்டித் தொங்கவிட்டார். முதலில் ஒழுகியது, பிறகு சொட்டியது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே அவரால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் வேறு முடிந்துவிடும். மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பிழி பிழிந்து, ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

பஞ்சை நனைத்து, ஒற்றி, நாக்கில் தடவினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு இரண்டும் மெல்லச் சேர்ந்து பிரிந்தன. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அக்கா சொன்னாள்.

"பிழிஞ்ச..."

சொல்லை முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மாஸ்டருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆமாடி, பிழிஞ்சிட்டேன். அவசரம். நாளைக்குப் பிழியாம எடுத்துட்டு வரேன். சத்தியமா கையே வைக்கமாட்டேன்."

அன்று மதியமே கடைக்கு வந்து மறுபடி ஊறப்போட்டார். மறுநாள் காலை துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவளுடைய முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மிஷினைப் போடவில்லை. மிக்ஸியின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார். கடையில் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அந்தக் கடைக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. கை அரித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசிச் சொட்டும் விழுந்து, துணி தானாக ஓய்ந்த பிறகுதான் எழுந்தார். ஃப்ளாஸ்க்கில் ஊற்றும்போது அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

அவர் படியேறிப் போனபோது மகள் வார்டு வாசலில் நின்றிருந்தாள்.

"போன் பண்ணினேன்ப்பா. எடுக்கலையே நீங்க."

போன், ஆஸ்பத்திரிக்காகச் சத்தத்தை அணைத்தபடியே, காபி மிஷின் பக்கத்தில் கிடந்திருக்கும். அவர் முன்கடையில் இருக்கவில்லை.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். குழாயை எடுத்துவிட்டிருந்ததால் பல நாளைக்குப் பிறகு அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. இரண்டு பாதியும் இப்போது ஒன்றுபோல் இருந்தன. மாஸ்டர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து பஞ்சை நனைத்தார். பழக்கத்தில் ஒற்றப் போனவர், நிறுத்தி, ஒற்றாமலே அவள் உதட்டில் வைத்தார். நர்ஸ் திரையின் இடைவெளியை இழுத்து மூடினாள்.

"பிழியலம்மா" என்றார். "சரியா இருக்கா?"

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றிருந்தார். பிறகு மகள் வந்து அவர் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டாள்.

கடை மறுபடி திறந்தபோது பலகையில் மூன்று பெயர்தான் இருந்தது. ஃப்ராப்பே இருந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடித்திருந்தார். கண்டக்டர் முதல் நாள் காலை வந்து, பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"ஊறல் இருக்கா மாஸ்டர்?"

"வடியுது."

எதிரே டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் பின்னால் எட்டிப் பார்த்தார். மூட்டை கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "உள்ள நிறைய இருக்கும் போலிருக்கே. லேசா ஒரு பிழி பிழிஞ்சு குடுத்துடுங்களேன். வண்டி எடுக்கணும்."

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

"பிழியக் கூடாது" என்றார். "நீங்க போயிட்டு அடுத்த நடைக்கு வாங்க."

கண்டக்டர் வாசலுக்குப் போய் டிரைவரைப் பார்த்துக் கையசைத்து, கொஞ்சம் பொறு என்று காட்டினார். திரும்பி வந்து மேடை ஓரமாகச் சாய்ந்து நின்றார். பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழ நேரமாயிற்று.